உறுப்பினர் இல்லாத ஊரில் உள்ளாட்சிப் பாடம்

திருச்சி மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில். 2016இல் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்கு வரும்வரை வார்டு உறுப்பினர் என்ற ஒருவரே கிடையாது. உள்ளாட்சிப் பாடத்துக்கு மட்டும் தவறாமல் தேர்வு! இன்று இதே மாநகராட்சிக்குள் இருக்கும் ஸ்ரீரங்கம் 1994 வரை தனி நகராட்சியாக இருந்ததையும் எத்தனை வகுப்பறைகள் பேசியிருக்கும்?

உள்ளாட்சியைப் பழகிப் பார்க்க, அரசுப் பள்ளிகளுக்கு 2024இல் வந்த ‘மகிழ் முற்றம்’ என்ற மாணவர் குழுத் திட்டம் நல்ல தொடக்கம். குறிஞ்சி, முல்லை என்று குழு பிரித்தால் மட்டும் போதாது. குழுத் தலைவரைப் பிள்ளைகளே ரகசிய வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும். 65 வார்டு உறுப்பினர்கள் கூடும் மாமன்றத்தை ஆண்டுக்கொரு முறையாவது பார்வையாளர்களாக உட்கார்ந்து பார்க்கட்டும். பள்ளிக் கழிப்பறைக்கான மனுவைப் பிள்ளைகளே எழுதட்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும் வழியையும் ஆசிரியர்கள் சொல்லித்தரட்டும்.