செம்மண்ணில் மெட்டல் டிடெக்டர்: கருவிக்கு முன் மண்ணைக் கற்பிப்போம்



எங்கள் அறிவியல் கழகத்திற்கு மெட்டல் டிடெக்டர் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பெற்றோர் சிலர் முன்வந்து பணம் சேர்த்து வாங்கித் தந்த எளிய கருவிதான். அது வந்த நாள் முதலாகப் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "ஆசிரியரே, ஏதாவது கிடைத்ததா?" தாயார் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தங்கம் கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்" என்றார். இன்னொருவர் சற்றுக் கடுமையாகவே, "எடுத்தவுடன் கத்துகிறதே, வேறு விலையுயர்ந்த கருவி வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டார். இவ்விரண்டாவது கேள்விக்கான விடையே இப்பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி கத்துவதே நல்ல பாடம். அதை அடக்கித் தரும் தானியங்கிக் கருவியை மாணவர் கையில் முதலில் கொடுத்தால், அவர்கள் கற்கவேண்டியதை நாமே மறைத்தவர்கள் ஆவோம்.

கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருங்கக் காண்போம். கோலின் நுனியில் உள்ள தட்டுக்குள் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்து, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. புதைந்திருக்கும் உலோகத்தில் அதனால் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அச்சுழல் மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மற்றொரு சுருள் அதை உணர்ந்து ஒலியாக மாற்றுகிறது. சுத்தமான கடற்கரை மணலில் இந்த விளக்கம் ஏறக்குறைய போதும். அங்கும் உப்புநீரில் நனைந்த பகுதி மின்சாரத்தைக் கடத்துவதால் தொல்லை தரும்.

நம் நாட்டுச் செம்மண்ணில் கதை வேறு. வெப்பமும் மழையும் மிகுந்த நிலங்களில் மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணின் கரையக்கூடிய பொருள்களை அரித்துச் செல்ல, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் எஞ்சி நிற்கின்றன. இவ்வாறு உருவான கெட்டியான செம்மண் கல்லைத்தான் லேட்டரைட் என்கிறோம். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயரை 1807-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியவர் பிரான்சிஸ் புக்கானன். அவர் அதைக் கண்டது இன்றைய கேரளத்தில். மக்கள் அக்கல்லை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மண் சிவந்திருந்தாலே கருவி கத்தும் என்று எண்ணிவிட வேண்டா. சிவப்பு நிறத்தைத் தரும் ஹேமடைட் என்னும் தாது காந்தத்துக்கு மிகக் குறைவாகவே இணங்கும். தொல்லை தருபவை மேக்னடைட், மேக்ஹெமைட் என்னும் தாதுக்கள். இவை சிறிதளவு கலந்திருந்தாலும் கருவி உணரும். ஆகவே கண்ணால் பார்த்து முடிவுசெய்யக்கூடாது, சோதித்துத்தான் அறியவேண்டும். ஒரு காந்தத்தை நெகிழிப் பைக்குள் போட்டு உலர்ந்த மண்ணில் புரட்டினால் கரிய துகள்கள் பையில் ஒட்டிக்கொள்ளும். பையைத் திருப்பி உள்ளிருக்கும் காந்தத்தை எடுத்தால் துகள்கள் தாளில் உதிரும். எங்கள் மாணவர்கள் வீட்டு வாசல், பள்ளித்திடல், செம்பனைத் தோட்டத்துப் பாதை என்று பல இடத்து மண்ணைக் கொண்டுவந்து இதைச் செய்து பார்த்தார்கள். வெளிறிய மண் ஒன்று கரிய துகளை அள்ளித் தர, நல்ல சிவப்பு மண் ஒன்று ஏறக்குறைய ஒன்றுமே தரவில்லை. அந்த வியப்பை எந்தப் பயிற்றுநூலும் அவர்களுக்குத் தந்திருக்காது.

இனி, இத்தகைய மண்ணில் உலோகத்தைத் தேடுவது ஏன் கடினம்? சிறு நாணயம் ஆழத்தில் இருக்கிறது. மண்ணோ தட்டின் அடியிலேயே இருக்கிறது. தட்டின் அளவோடு ஒப்பிடுகையில் ஆழம் மிகுந்துவிட்டால், தூரம் இருமடங்காகும்போது சிறு பொருளின் எதிரொலி கோட்பாட்டளவில் 64-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். திடல் முழுவதும் இரைச்சலிடும்போது மூலையில் ஒரு குழந்தை மெல்லப் பேசுவதைப் போன்றது அது.

இந்தச் சிக்கல் இக்கருவியின் பிறப்பிலேயே உண்டு. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்பீல்டு சுடப்பட்டபோது, அவருடைய உடலுக்குள் இருந்த குண்டைத் தேடத் தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுசென்றார். கருவி குழம்பியது. படுக்கையில் இருந்த உலோகக் கம்பிகள் குறுக்கிட்டதாகச் சொல்லப்படுகிறது. மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார் என்பதும் தோல்விக்கு ஒரு காரணம். குண்டு அகப்படவில்லை, அவ்வாண்டு செப்டம்பரில் அதிபர் இறந்தார். தேடும் பொருளை மட்டும் எண்ணிச் சுற்றுப்புறத்தை எண்ணாமல் விட்டால் மேதையின் கருவியும் தடுமாறும்.

மண்ணின் ஒலியைச் சமன்செய்யும் வசதி இன்றைய கருவிகளில் உண்டு. காந்தத் தாதுக்களின் எதிரொலியும் உலோகத்தின் எதிரொலியும் கருவியை வந்தடையும்போது அலையின் கட்டத்தில் வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டைக்கொண்டு மண்ணின் பங்கை மட்டும் நீக்கிவிடலாம். கையால் செய்யும் முறை எளியது. முதலில் உலோகம் ஏதும் இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லா உலோகத்தையும் ஒலிக்கச் செய்யும் நிலையில் கருவியை வைத்து, தட்டை முழங்கால் உயரத்திலிருந்து தரையை ஒட்டும் அளவுக்கு இறக்கி ஏற்ற வேண்டும். இறக்கும்போது ஒலி மாறினால் குமிழைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். இறக்கினாலும் ஏற்றினாலும் ஒலி மாறாத நிலை வந்தால் கருவி அம்மண்ணுக்குப் பழகிவிட்டது என்று பொருள். சில அடிகள் நடந்ததும் மண் மாறினால் மறுபடியும் செய்யவேண்டும்.

அதன் பிறகே தேடல். தட்டைத் தரைக்கு இணையாக, ஒரே உயரத்தில், நிதானமாக வீச வேண்டும். கையை வீசும்போது தட்டு ஓரங்களில் மேலெழுந்தால் மண்ணொலி திரும்பவும் வரும். தாது மிகுந்த மண்ணில் சிறிய தட்டே பெரும்பாலும் நன்மை தரும். அது ஒரு நேரத்தில் பார்க்கும் மண் குறைவு. உணர்திறனை உச்சத்தில் வைப்பதைவிடச் சற்றுக் குறைத்து வைத்தால் தெளிவு கூடும். ஒலி கேட்ட இடத்தில் எதிர்த்திசையிலும் குறுக்காகவும் வீசிப் பார்க்க வேண்டும். உலோகம் அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். மண்ணொலி பரவலாக எழும். தட்டைச் சற்று உயர்த்தினால் மங்கிவிடும்.

இங்கேதான் என் கருத்தின் மையம் இருக்கிறது. கத்தும் கருவியை அமைதிப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலே சொன்னபடி மண்ணை அறிந்து அதன் ஒலியை மட்டும் கழிப்பது. மற்றொன்று, 'இரும்பு வேண்டா' என்ற பிரித்தறியும் வசதியை மிகுதியாகத் திருப்பிவைத்து ஐயத்திற்குரிய ஒலி அனைத்தையும் அடக்கிவிடுவது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டிலும் கருவி அமைதியாகும். ஆனால் தாது மிகுந்த மண்ணில் ஆழத்தில் கிடக்கும் நல்ல உலோகமும் இரும்பைப் போலவே ஒலிக்கக்கூடும். இரண்டாம் வழியில் சென்றவர் அதன் மேலேயே நடந்துசெல்வார். தாம் எதை இழந்தோம் என்பதும் அவருக்குத் தெரியாது.

தானியங்கிக் கருவிகளை நான் குறைகூறவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பொன்வயல்கள் தாது மிகுந்த மண்ணுக்குப் பேர்போனவை. அங்கே கிங்கோவர் என்னுமிடத்தில் 1980-இல், சுமார் 27 கிலோ எடையுள்ள பொற்கட்டி ஒன்றை மெட்டல் டிடெக்டர்தான் காட்டிக்கொடுத்தது. 1990-களில் அந்நாட்டில் துடிப்பு முறையில் இயங்கும் புதுவகைக் கருவிகள் வந்தன. அவை காந்தத் துடிப்பை அனுப்பி நிறுத்திவிட்டு, பின்னர் எழும் எதிரொலியைக் கேட்கின்றன. மண்ணின் தொல்லை அவற்றில் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் அவை உலோகங்களைப் பிரித்தறிவதில் வல்லவை அல்ல. ஒலித்த இடத்தை எல்லாம் தோண்டும் பொறுமை வேண்டும். ஆக, விலை கூடிய கருவியும் கற்றலுக்கு விலக்கு அளிக்கவில்லை. வாய்பாடு அறியாத குழந்தையிடம் கால்குலேட்டரைக் கொடுக்க நாம் தயங்குகிறோம் அல்லவா? இதுவும் அதைப் போன்றதே.

இது பொழுதுபோக்கு மட்டும் என்று எண்ணுபவர்கள் நமக்கு அண்மையில் உள்ள கம்போடியாவை நினைத்துப் பார்க்கவேண்டும். அங்கும் லேட்டரைட் மண் உண்டு. போர்க்காலத்துக் கண்ணிவெடிகளும் உண்டு. நெகிழி உறை கொண்ட சில கண்ணிவெடிகளில் இருக்கும் உலோகம் ஒரு கிராமுக்கும் குறைவு. மண்ணின் ஒலியையும் அந்த ஒரு கிராமின் ஒலியையும் பிரித்தறிய இயலாவிட்டால் அங்கே போவது உயிர். 2003-இல் ஐரோப்பியத் தரநிலைக் குழு கண்ணிவெடி தேடும் கருவிகளுக்கான சோதனை முறைகளை வெளியிட்டபோது மண்ணின் தாக்கத்தையும் அவற்றில் சேர்த்தது. கருவி நல்லதா என்பதோடு எந்த மண்ணில் நல்லது என்பதும் கேட்கப்படவேண்டிய கேள்வி.

பள்ளியில் இதை எப்படிச் செய்யலாம்? எங்கள் முறையைச் சொல்கிறேன். முதல் இரண்டு சந்திப்புகளில் கருவியையே தொடுவதில்லை. காந்தமும் மண்ணும் மட்டும். மூன்றாவதில் மண்ணைச் சமன்செய்யப் பயிற்சி. நான்காவதில் 20 சென் நாணயத்தை 5, 10, 15 சென்டிமீட்டர் ஆழங்களில் புதைத்து, எந்த ஆழம்வரை கேட்கிறது என்று எழுதுகிறார்கள். பிறகு அதே பயிற்சி வேறொரு மண்ணில். பின்னர் அருகில் ஓர் ஆணியையும் புதைத்து மீண்டும். ஒவ்வொரு மாணவரும் தேதி, இடம், மண்ணின் ஈரம், கேட்ட ஒலி, கிடைத்த பொருள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்பதும் ஒரு பதிவே. நான் மதிப்பிடுவது குறிப்பேட்டைத்தான்.

எச்சரிக்கைகளும் உண்டு. நில உரிமையாளரின் இசைவின்றித் தோண்டக்கூடாது. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. தொல்பொருள் தேடித் தோண்டுவதற்கு உரிமம் வேண்டும். பழம்பொருள் தற்செயலாகக் கிடைத்தாலும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும். போர்க்காலத்துக் குண்டுகள் நம் மண்ணில் இன்னும் அவ்வப்போது வெளிப்படுகின்றன. ஐயத்திற்குரிய பொருளைத் தொடாமல் விலகிக் காவல்துறைக்குச் சொல்லவேண்டும் என்பதை முதல் நாளிலேயே மாணவர்களுக்கு மனத்தில் பதியவைக்க வேண்டும். தோண்டிய குழியை மூடுவதும் பாடத்தின் ஒரு பகுதியே.

2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபோது, இனிமேல் பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்பார்கள் என்று நாம் பேசிக்கொண்டோம். செய்து பார்த்துக் கற்றல் என்றால் பொத்தானை அழுத்திப் படம் எடுத்துக்கொள்வதன்று. கத்தும் கருவியோடு ஒரு மணிநேரம் வெயிலில் நின்று, எது மண், எது நாணயம் என்று பத்து வயதுப் பிள்ளை தானே முடிவுக்கு வருவதுதான் அது. அப்பிள்ளை வீடு திரும்பும்போது, "என்ன கிடைத்தது?" என்று கேட்பதற்கு மாறாக, "இன்றைக்கு மண் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், பெற்றோர்களே. சொல்வதற்கு அவர்களிடம் நிறைய இருக்கும்.