உண்ணா நோயும் உடனிருப்போர் கடமையும்

கயரோகம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மக்கள் அஞ்சுகின்றனர். மருத்துவரைத் தேடி ஓடுகின்றனர். கடன்பட்டேனும் மருந்து வாங்குகின்றனர். ஒரு மங்கை உணவை அஞ்சி ஒதுக்கி நாள்தோறும் தேய்வாளாயின், அவளைப் பிடிவாதக்காரி என்கின்றனர். இரண்டு அடி கொடுத்தால் தானே உண்பாள் என்று அறிவுரை வழங்கும் அத்தைமாரும் உளர். அவ்வத்தைமார்க்கும், அவர்தம் வாய்க்கு அஞ்சி மகளின் நோயை மறைக்கும் பெற்றோர்க்கும், எம்மையொத்த மாணவர்க்குமே யாம் இதனை எழுதத் துணிந்தோம்.

இந்நோய் இக்கால நாகரிகத்தின் விளைவே என்று சிலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் 1689 இல் கயரோகத்தைப் பற்றி வெளியிட்ட நூலிலேயே, காய்ச்சலும் இருமலும் இன்றி எலும்பளவாகத் தேய்ந்த ஓர் இளமங்கையின் வரலாறு காணப்படுகின்றது. அவள் மருந்தை விரைவில் வெறுத்து ஒழித்தாள். சில திங்களில் மாண்டாள். 1873 இல் சர் வில்லியம் கல் என்பவர் இதற்கு அனொரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்டார். மிகுதியாக உண்டு, பின் அதனைத் தாமே வெளியேற்றும் புலிமியா என்னும் மற்றொரு வகையை 1979 இல் ஜெரால்டு ரசல் விளக்கினார். இவ்விரண்டாம் வகையினர் பலர் மெலிந்து தோன்றார். ஆயினும் குருதியில் பொட்டாசியம் குறைந்து, அவர்தம் இதயம் திடீரென நின்றுவிடுதலும் கூடும். ஆடவர்க்கும் இந்நோய் உண்டு. தமிழ் பயிலும் எமக்கு ஒன்று தோன்றுவதுண்டு. வளை நெகிழ்ந்த தலைவியைக் கண்டவுடன் காதல் நோய் என்று கொள்ளுதல் நம் இலக்கிய மரபு. நம் இல்லங்களிலோ அவ்வையம் எழுந்தவுடன் மகளின் கைப்பேசியைப் பறித்துக்கொள்வதோடு மருத்துவம் முடிந்துவிடுகின்றது! கொடியிடை பாடிய புலவர்மீது பழி சுமத்துவார் கூற்றுக்கும் யாம் உடன்படோம். இந்நோய்க்குப் பிறப்பு வழி வரும் இயல்பும் ஒரு காரணம் என்பதை இரட்டையரைப் பற்றிய ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

நாடி மிகத் தளர்ந்து, எழுந்து நின்றால் குருதியழுத்தம் வீழ்ந்து, எடை விரைந்து குறையுமிடத்து, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்தல் வேண்டும் என மருத்துவர் கூறுவர். அன்று முதல் இல்லத்தில் ஒரு பேச்சு எழுகின்றது. "மனம் ஒப்பட்டும், பிறகு போகலாம்" என்பர் பெற்றோர். "பரீட்சை முடியட்டும்" என்பாள் மகள். "இன்னும் அவ்வளவு மெலியவில்லையே" என்று நோயே அவள் வாயிலாகப் பேசுவதும் உண்டு. ஆயத்தம் என்னும் பெயரால் நிகழும் இக்காலக் கழிவையே யாம் முதன்மையாக மறுக்கின்றோம்.

மறுப்பதற்குச் சான்று உண்டு. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீசு என்னும் அறிஞர், போரில் படைக்கலம் ஏந்த மனச்சான்று இடந்தராது மறுத்த 36 இளைஞரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். ஐரோப்பாவில் பசியால் வாடுவோர்க்கு எவ்வாறு உணவளித்து மீட்பது என்று அறிதலே நோக்கம். அவ்விளைஞர் நல்லுடலும் நல்லறிவும் வாய்ந்தோர். ஏறத்தாழ ஆறு திங்கள் அரைப்பட்டினியில் அவர்தம் எடை நாலில் ஒரு பங்கு குறைந்தது. குறைந்தது எடை மட்டுமோ? நகைப்பு மறைந்தது, நட்பு வெறுத்தது, கருத்தைச் செலுத்திப் படித்தல் இயலாதாயிற்று. சமையல் நூல்களைத் தேடித் தேடிப் படித்தனர். சிற்றளவு உணவை நெடுநேரம் பிசைந்துகொண்டிருந்தனர். மெலிய வேண்டும் என்னும் விருப்பம் சிறிதும் இல்லாதார்க்கே பட்டினி இவற்றைச் செய்ததாயின், முன்னரே நோயுற்ற உள்ளத்தை அஃது என் செய்யாது? பசித்த மூளை முழு மனத்துடன் இசையும் என்று காத்திருத்தல், காய்ச்சல் தணிந்த பிறகே காய்ச்சல் மருந்து கொடுப்போம் என்பதை ஒக்கும். அஞ்சிக்கொண்டே போகலாம், அழுதுகொண்டும் போகலாம்.

எம் விடுதித் தோழி ஒருத்தி அவ்வாறே சென்றாள். அவள் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம். புறப்படுவதற்கு நான்கு நாள் முன்னர் அவள் அன்னையார் வந்து எம்மோடு தங்கினார். பெட்டியில் இறுக்கமான ஆடை ஒன்றும் வைக்கவில்லை. உடல் மாறும்போது அவ்வாடையே பகையாகும் அன்றோ? தளர்ந்த பருத்தி ஆடைகளும், மெலிந்த உடல் எளிதிற் குளிர்தலின் ஒரு கம்பளிச் சட்டையும், காலுறைகளும் வைத்தார். கைக்கு வேலையாகப் பின்னல் ஊசியும் நூலும், கண்ணுக்கு ஒரு கதைப் புத்தகமும் சென்றன. உணவின் கலோரியைக் கணக்கிடும் செயலிகளை அவளே கைப்பேசியினின்று நீக்கினாள். ஒளித்து வைத்திருந்த பேதி மாத்திரைகளை அன்னையார் கையிற் கொடுத்தாள். அவர் "ஏன் வாங்கினாய்?" என்று வினவாமல் பெற்றுக்கொண்டதை யாம் பெரிதும் மதிக்கின்றோம். பார்வை நேரம் எது, எடையை நோயாளர்க்கு அறிவிப்பரோ, கைப்பேசிக்கு இடமுண்டோ, ஆலயத்திற்குச் செல்ல விடுவரோ என்று முன்னரே கேட்டு எழுதிக்கொண்டனர். அறியாத இடத்தின் அச்சத்தில் பாதி அத்தாளிலேயே கழிந்தது.

ஆங்கு நிகழ்வன யாவை என்பதை முன்னரே அறிதலும் ஓர் ஆயத்தம். சேர்ந்தவுடன் குருதியும் இதயத்துடிப்பும் சோதிக்கப்படும். வேளைக்கு வேளை மேற்பார்வையில் உணவு. உண்டபின் சிறிது நேரம் எழாது அமர்ந்திருத்தல். அதுகாறும் தனியே குளியலறைக்குச் செல்லாமை. பல இடங்களில் காலையில் எடை பார்த்தல். உலாவுதலுக்கும் வரையறை உண்டு. இவற்றைச் சிறைவாசம் என்று எண்ணாதிருக்க, காரணத்தை எடுத்துரைத்தல் நன்று. பெற்றோரோ முதல் நாளே தட்டு நிறைய ஊட்டக் காணவில்லையே என்று வருந்துவர். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுதலையான பட்டினிக் கைதிகள் சிலர், உணவு பெற்ற பின்னரே இறந்தனர். நெடுநாள் வெறுமையான உடலுக்குள் உணவு திடீரெனப் புகுந்தால், குருதியிலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் உயிரணுக்களுக்குள் விரைந்து சென்றுவிடும்; குருதியில் அவை குறைய, இதயம் தடுமாறும். ஆதலின் மருத்துவர் தயமின் முதலிய மருந்து கொடுத்து, நாள்தோறும் குருதியைச் சோதித்துச் சிறிது சிறிதாக உணவை உயர்த்துவர். முதல் வாரங்களில் வயிறு உப்பும். கால் வீங்குதலும் உண்டு. அச்சம் முன்னிலும் மிகும். அவ்வேளையில் "அம்மா, என்னை அழைத்துக்கொண்டு போங்கள்" என்னும் குரல் தொலைபேசியில் வரும். அதற்கு என்ன விடை கூறுவது என்பதைத் தாயும் தந்தையும் புறப்படுமுன்னரே ஒருமனமாகத் தீர்மானித்தல் வேண்டும்.

உற்றார் உடனிருத்தல் தகுமோ என்பதில் அறிஞர் வேறுபட்டனர். உறவினரும் நண்பருமே இந்நோயாளர்க்கு மிகத் தீய துணைவர் என்று கல் கருதினார். வள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து உதவுவோனையும் மருத்துவத்தின் கூறாகவே எண்ணினார். எம் சார்பு வள்ளுவர் பக்கமே. தமிழ் மாணவர் என்பதற்காக அன்று. 1980களில் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையார், இளையோர்க்கு உணவளிக்கும் பொறுப்பைப் பெற்றோரிடமே ஒப்படைத்து நற்பயன் கண்டனர். நம் நாட்டில் டாக்டர் வித்யா சாகர் 1950களிலேயே அம்ருதசரசு மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பத்தினரைத் தங்கவைத்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் உறவினர் உடன் தங்குதல் நெடுங்கால வழக்கம். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, வயது நிரம்பாதார் சேரும்பொழுது துணையாள் ஒருவர் முழுக்காலமும் உடனிருத்தல் வேண்டும் என்றே விதிக்கின்றது. வயது வந்தோர் தமக்காக முடிவு செய்ய உதவுதற்கு ஒருவரை முன்னரே எழுத்தால் நியமித்துக்கொள்ளவும் வழி செய்கின்றது. அவ்வெழுத்தும் பெட்டியில் வைக்க வேண்டியவற்றுள் ஒன்று. எனினும், கல் கூறியதில் உண்மையே இல்லை என்று சொல்லோம். கெஞ்சியும் மிரட்டியும் மாறிமாறி நடக்கும் உறவினர் தீய துணைவரே.

நாவைப் பழக்குதல் பெட்டி கட்டுவதினும் அரிது. "எலும்புந்தோலுமாய் இருக்கிறாயே" என்பது புண்படுத்தும் என்று யாவரும் அறிவர். "இப்பொழுதுதான் கன்னம் பூரித்திருக்கிறது" என்று மகிழ்ந்து கூறுதலும் அந்நோயாளர் செவிக்கு நஞ்சாகும் என்பதைப் பலர் அறியார். உடலைப் பற்றி ஒன்றும் கூறாதிருத்தலே நலம். "திருமணம் தடைப்படுமே" என்று அஞ்சி, பெரியம்மா வீட்டிற்குச் சென்றிருக்கிறாள் என்று பொய் புனைவதால் அவளுக்குக் கடிதம் எழுதுவாரும் இல்லாது போகின்றனர். யாவர்க்கும் யாவும் உரைக்க வேண்டா. உடல்நலமின்றி மருத்துவமனையில் இருக்கிறாள் என்னும் உண்மை போதும். எம் சபையார்க்கு ஒரு சொல்: லெந்து நாட்களின் உபவாசம் இந்நோயாளர்க்கு உரியதன்று. பக்தி என்னும் போர்வைக்குள் நோய் ஒளிந்துகொள்ளும். சியன்னா நகரத்துக் கத்தரீனம்மாள் உண்ண இயலாதவராய் 1380 இல் 33 வயதில் மறைந்ததை நினைவிற்கொள்ளுதல் தகும்.

எம் தோழி அடுத்த பருவத்தில் திரும்புவாள். அவள் உணவு மேசையில் அமருங்கால் தட்டை நோக்காது வேறு செய்தி பேசுவது என எம் அறையினர் முடிவு செய்துள்ளோம். வருகைப் பதிவில் அவள் நாட்களை மற்றை நோயாளர் நாட்களைப்போலவே கணக்கிடத் துறைத் தலைவர் இசைந்துவிட்டார். விடுதி முன்கூடத்தில் நிற்கும் எடைப்பொறியை அகற்றுமாறு விடுதிக் குழுவினர்க்கு இருமுறை விண்ணப்பம் எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை. மூன்றாவது விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கின்றோம்.