விண்கலத்துக் கொலையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

"என்ன பாய் இது! பொய்யைப் படித்துப் பொழுதை வீணாக்குகிறாளே உங்கள் பேத்தி!"

திருவான்மியூரில் ஜும்ஆ முடிந்து என் இல்லம் வந்த பெரியவர் ஒருவர் இவ்வாறு கடிந்துகொண்டார். பேத்தியின் கையிலிருந்தது மர் லாஃபர்ட்டி 2017இல் எழுதிய 'சிக்ஸ் வேக்ஸ்' என்னும் ஆங்கிலப் புதினம். நெடும்பயணம் செல்லும் விண்கலத்தில் பணியாளர் அறுவர். நகலுடல்களில் விழித்தெழும் அவர்கள், தம் பழைய உடல்கள் கொலையுண்டு கிடக்கக் காண்கின்றனர். இடைப்பட்ட ஆண்டுகளின் நினைவு எவருக்கும் இல்லை. கொலை செய்தவர் தாமாகவே இருக்கலாமோ என்று ஒவ்வொருவரும் அஞ்ச வேண்டிய நிலை!

இதைப் பொய்யென்று தள்ளுவோரைக் கேட்கிறேன்: கதை தன்னைக் கதையென்றே அறிவித்துக்கொண்டு வருகிறது, அது யாரை ஏமாற்றிற்று? மெய்யின் உடை தரித்து வருவதன்றோ பொய்! அண்டை வீட்டாரைப் பற்றிய ஆதாரமற்ற வதந்தியைத் தேநீரோடு பருகும் நாம், புதினத்தைக் கண்டு முகம் சுளிப்பது என்ன நியாயம்?

பூட்டிய கலத்துள் வெளியார் நுழைய வழியில்லை. எனவே எல்லார் மீதும் ஐயம். அங்கே முகத்தைப் பார்த்து முடிவு கட்டுபவர் தோற்பார். சான்றைத் தேடுபவரே வெல்வார். வீண் சந்தேகத்தைத் தவிர்க்குமாறு திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. பெயர் ஒன்றைக் கொண்டே சந்தேகிக்கப்படும் துயரத்தை அறிந்த சமுதாயம், இப்பாடத்தை வெறுக்கலாமா?

"விண்வெளிக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்பாரும் உளர். 1985இல் சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான் டிஸ்கவரி விண்ணோடத்தில் பறந்தார். 2007 அக்டோபரில், ரமலான் மாதத்தில், மலேசிய மருத்துவர் ஷேக் முஸஃபர் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்றார். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றும் அந்நிலையத்தில் ஒரு நாளில் சுமார் 16 முறை சூரியன் உதிக்கும். ஐவேளைத் தொழுகை எப்படி? கிப்லா எங்கே? புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கொள்க. இயன்றால் கஅபாவை, இயலாவிடில் புவியை நோக்குக. அதுவும் இயலாவிடில் எத்திசையும் ஆகும் என மலேசிய உலமாக்கள் நெறி வகுத்தனர். மார்க்க அறிஞர்கள் விண்கலத்துள் புகுந்துவிட்டார்கள். நம் எழுத்தாளர்கள்தாம் இன்னும் வாசலில் நிற்கிறார்கள்!

இத்துறை நமக்கு அந்நியமும் அன்று. வங்கத்து பேகம் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' என்னும் அறிவியல் கற்பனை, 1905இல் அச்சேறியதே சென்னையின் 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில்தான். நூறாண்டுகளுக்குப் பின், 2005இல், அதைக் கோண்டு ஓவியர் துர்காபாயின் சித்திரங்களோடு நூலாக்கியது, இதே திருவான்மியூரில் புத்தக இல்லம் அமைத்த தாரா புக்ஸ். தமிழில் புதினம் தவழ்ந்த பருவத்திலேயே, 1885இல், சித்திலெப்பை 'அஸன்பே சரித்திரம்' தந்தார். அத்தகைய முன்னோரின் வாரிசுகள் கற்பனைக்கு அஞ்சுவதோ?

பெற்றோரே! பிள்ளையின் கைநூலைப் பறிக்காதீர்கள். படித்து முடித்ததும், "குற்றவாளி யார்? எந்தச் சான்றால் அறிந்தாய்?" என்று கேளுங்கள். எழுத்தாளர்களே! விண்கலத்தில் ஸஹர் செய்து, தொழுது, பின் துப்புத் துலக்கப் புறப்படும் ஒரு தமிழ் முஸ்லிம் பெண்ணை எழுதுங்கள். என் பேத்தி அவளுக்காகக் காத்திருக்கிறாள்.