எங்கே நின்றார் நடுவர்?

பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான பள்ளிக் கால்பந்து ஆட்டம் அது. விசில் என் கையில். கடைசி நிமிடங்களில் ஒரு கார்னர் கிக். பெனால்டி ஏரியாவுக்கு வெளியே, கோலுக்கு நேர் எதிரே நின்றேன். பந்து வந்தது, நாலைந்து பேர் ஒன்றாக எம்பினார்கள், கோல். கோலடித்த அணிப் பையன் ஒருவன் தடுப்பாட்டக்காரனின் சட்டையை இழுத்துப் பிடித்திருந்தான். பக்கவாட்டில் நின்ற மொத்தக் கூட்டமும் அதைப் பார்த்தது. எனக்குத் தெரிந்தது பிடித்தவனின் முதுகு மட்டும்தான். ஆட்டம் முடிந்ததும் மூத்த நடுவர் ஒருவர் வந்தார். தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "தம்பி, நீ எங்கப்பா நின்ன?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

பந்து ஓடும்போது நடுவரும் ஓடியாக வேண்டும். நினைத்த இடத்தில் நிற்க அப்போது வாய்ப்பில்லை. ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும் நேரம் அப்படியல்ல. பந்து அசையாமல் கிடக்கிறது. சில விநாடிகள் கிடைக்கின்றன. அந்த விநாடிகளில் எங்கே போய் நிற்கிறாரோ, அதை வைத்துத்தான் அடுத்து எதைப் பார்ப்பார், எதைத் தவறவிடுவார் என்பது முடிவாகிறது.

கார்னர் கிக்கில் துணை நடுவர் கொடிக்குப் பின்னால், கோல் கோட்டுக்கு நேராக நிற்கிறார். பந்து கோட்டைத் தாண்டியதா என்பது அவர் பொறுப்பு. ஆகவே நடுவர் கோட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவர் பார்க்க வேண்டியது ஆட்டக்காரர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை. நேர் எதிரே நின்றால் இரண்டு உடல்கள் ஒரே உடலாகத் தெரியும். பெனால்டி ஏரியாவின் விளிம்பை ஒட்டி, சற்றுப் பக்கவாட்டில் நின்றால்தான் கை எங்கே போகிறது என்று புலப்படும். அதற்காக ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஆணியடித்தது போல நிற்பதும் தப்பு. உதைப்பவர் பக்கத்தில் இருப்பவருக்கே பந்தைத் தட்டிவிட்டால் பார்க்கும் கோணமே மாறிவிடும். அதற்கேற்ப இரண்டு அடி நகரத்தான் வேண்டும்.

ஃப்ரீ கிக் இதைவிடக் கடினம். தடுப்பாட்டக்காரர்களின் சுவரைப் பந்திலிருந்து 9.15 மீட்டருக்குத் தள்ளி நிறுத்த வேண்டும், உதைப்பவரையும் கவனிக்க வேண்டும், பந்து போய் விழும் இடத்தையும் பார்க்க வேண்டும். கால்பந்து உலகம் மறக்காத தவறுகளில் ஒன்று ஃப்ரீ கிக்கில்தான் நடந்தது. 2009 நவம்பர் 18, பாரிஸுக்கு அருகே. உலகக் கோப்பைத் தகுதிக்காக பிரான்சும் அயர்லாந்தும் மோதிய ஆட்டம், கூடுதல் நேரம். பிரான்சின் மலூதா தூக்கி அடித்த ஃப்ரீ கிக் பந்தை, அவர் அணியின் தியரி ஹென்றி கையால் நிறுத்தி காலாஸுக்குத் தள்ள, அவர் தலையால் முட்டிக் கோலாக்கினார். நடுவர் மார்ட்டின் ஹான்சனும் பார்க்கவில்லை, துணை நடுவரும் பார்க்கவில்லை. அயர்லாந்தின் உலகக் கோப்பைக் கனவு அதோடு முடிந்தது. ஹான்சனை அன்று திட்டாதவர் குறைவு. அவர் நேர்மையைச் சந்தேகித்தது அநியாயம் என்பேன். கண்ணில் படாத குற்றத்துக்கு எந்த நடுவரும் விசில் ஊத முடியாது.

இன்று பெரிய ஆட்டங்களுக்கு வீடியோ உதவி வந்துவிட்டது. 2018 உலகக் கோப்பையில் அது பயன்பட்டது. பள்ளி மைதானத்துக்கும் மாவட்ட லீக்குக்கும் அது வரப்போவதில்லை. அங்கே நடுவருக்கு இரண்டு கால்கள், இரண்டு கண்கள், அவ்வளவுதான். கால் சரியான இடத்துக்குப் போகாவிட்டால் கண்ணால் பயனில்லை.

புதிய நடுவர்களுக்குப் பயிற்சி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். விதிப் புத்தகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குகிறீர்கள் என்றால், மைதானத்தில் பையன்களை நிறுத்தி, கார்னரும் ஃப்ரீ கிக்கும் திரும்பத் திரும்ப உதைக்கச் சொல்லி, நடுவர் எங்கே நிற்பது என்று பழக்குவதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.