காவலாளி கூட்டமாக நின்றால் கவலைதான்! பெருங்குடல் புற்றுநோய் செல்லுக்குள் ஒரு கணக்கெடுப்பு

பயாப்ஸி ரிப்போர்ட் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது. டாக்டரைப் பார்ப்பதற்குள் வீட்டில் யாராவது ஒருவர் அதிலுள்ள வார்த்தைகளை ஒவ்வொன்றாக கூகுளில் போட்டுப் பார்த்துவிடுகிறார். பெருங்குடல் புற்றுநோய் ரிப்போர்ட் என்றால், குழப்பும் பெயர்களில் ஒன்று பி53. தேடினால் 'புற்றுநோயைத் தடுக்கும் புரதம்' என்று வரும். ரிப்போர்ட்டிலோ 'பி53 பாசிட்டிவ்' என்று இருக்கும். தடுக்கும் புரதம் நிறைய இருக்கிறதென்றால் நல்ல செய்திதானே?

பெரும்பாலும் இல்லை.

நலமான செல்லில் பி53 உருவாகிக்கொண்டே இருக்கும். உருவான வேகத்தில் அழிந்துகொண்டும் இருக்கும். 20 நிமிடங்களில் பாதி காலி. டி.என்.ஏ-வில் எங்காவது உடைப்பு ஏற்பட்டால் மட்டும் இந்த அழிப்பு நின்று, பி53 குவியும். உடனே 'நகல் எடுப்பதை நிறுத்து' என்று செல்லுக்கு உத்தரவு போகும். பழுதைச் சரிசெய்ய முடிந்தால் வேலை தொடரும். முடியாவிட்டால் செல் தன்னையே அழித்துக்கொள்ளும்.

இந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே கதை தலைகீழாகிவிடலாம். உத்தரவு போடத் தெரியாத பி53 உருவாகும். அது சீக்கிரம் அழியாமல் செல்லுக்குள் தேங்கியும் நிற்கும். தூங்கும் வாட்ச்மேன்கள் வாசலில் கூட்டமாக உட்கார்ந்திருப்பதுபோல!

விஞ்ஞானிகளே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1979-ல் கண்டறியப்பட்ட பி53-ஐ, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் புற்றுநோயைத் தூண்டும் வில்லன் என்றே நினைத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தவற்றில் பல, பழுதான பிரதிகள். 1989-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டீன் குழு பெருங்குடல் கட்டிகளை அலசியபோதுதான் உண்மை வெளிவரத் தொடங்கியது. அந்தக் கட்டிகளில் மரபணுவின் ஒரு பிரதி தொலைந்திருந்தது, மிஞ்சிய பிரதி பழுதாகியிருந்தது. வில்லன் காவலாளியானது இப்படித்தான். 1993-ல் 'சயின்ஸ்' இதழ் இதற்கு ஆண்டின் மூலக்கூறு என்று பட்டமும் கொடுத்தது. (பெயரில் உள்ள 53 கூட சரியான எண் இல்லை. சோதனையில் 53,000 டால்டன் எடை மாதிரி தெரிந்ததால் வந்த பெயர் அது. நிஜ எடை சுமார் 44,000தான்.)

ஒவ்வொன்றாக வா!

சரி, ஒரு செல்லில் பி53 எவ்வளவு இருக்கிறது, டி.என்.ஏ எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அளக்கிறார்கள்? ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில். செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, குளிர்ந்த ஆல்கஹாலில் பதப்படுத்தி, இரண்டு சாயங்கள் ஏற்றுவார்கள். பி53-ஐ மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியில் பச்சை, டி.என்.ஏ-வில் ஒட்டும் புரொபிடியம் அயோடைடு சிவப்பு. பிறகு மெல்லிய நீரோட்டத்தில் செல்கள் வரிசையாக லேசர் ஒளியைக் கடக்கும். எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு என்று ஒவ்வொரு செல்லுக்கும் கணக்கு விழும். பத்தாயிரம் செல்கள் என்பதெல்லாம் சில நிமிட வேலை.

சிவப்பு இரண்டு மடங்கானால், அந்தச் செல் டி.என்.ஏ-வை நகலெடுத்து முடித்து இரண்டாகப் பிரியத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். இங்கே ஒரு சிக்கல். ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷினில் இரண்டு பேர் சேர்ந்து ஏறினால் என்ன ஆகுமோ, ஒட்டிக்கொண்ட இரண்டு செல்கள் கடந்தாலும் அதேதான் ஆகும். இந்த ஜோடிகளைக் கண்டுபிடித்துக் கழிக்காத கணக்கை நம்ப முடியாது.

ஆய்வகங்களில் வளர்க்கப்படும் இரண்டு பெருங்குடல் புற்றுநோய் செல் வகைகளை ஒப்பிட்டால் விஷயம் பளிச்சென்று புரியும். ஹெச்.சி.டி 116-ல் பி53 நல்ல நிலையில் இருக்கிறது. குரோமோசோம்கள் 45, இயல்பான 46-க்கு மிக அருகில். பச்சை மங்கலாகத்தான் தெரியும். டி.என்.ஏ-வைச் சிதைக்கும் மருந்து கொடுத்தால் பச்சை ஏறும், செல்கள் பிரியாமல் நிற்கும். ஹெச்.டி 29-ல் பி53-ன் 273-வது அமினோ அமிலம் மாறியிருக்கிறது; குரோமோசோம்களோ சுமார் 70. மருந்தே கொடுக்காமல் பச்சை ஜொலிக்கும், சிவப்பும் இயல்பைவிட ஒன்றரை மடங்கு இருக்கும். தூங்கும் வாட்ச்மேனும் தாறுமாறான டி.என்.ஏ-வும் ஒரே செல்லில்!

காவலாளியே இல்லாவிட்டால்? 1998-ல் ஹெச்.சி.டி 116-லிருந்து பி53 மரபணுவை நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். பிரிவதற்கு முந்தைய கட்டத்தில் அந்தச் செல்களால் நீண்ட நேரம் நிற்க முடியவில்லை. உடைந்த டி.என்.ஏ-வோடு பிரியக் கிளம்பிவிட்டன. அதனால், ரிப்போர்ட்டில் பி53 துளிகூட இல்லை என்று வந்தாலும் அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில மரபணுப் பழுதுகளில் புரதமே உருவாகாது.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

இவ்வளவு துல்லியமாக அளந்தும், நோயாளியின் எதிர்காலத்தை இந்த இரண்டு எண்களால் சொல்லிவிட முடியவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெருங்குடல் புற்றுநோயில் சிகிச்சை முடிவுக்கு பி53-ஐயோ டி.என்.ஏ அளவையோ நம்பச் சொல்லவில்லை. ஆகவே 'பி53 பாசிட்டிவ்' என்ற ஒரு வரியைப் பார்த்து வீடே சாப்பிடாமல் உட்கார வேண்டியதில்லை.

டாக்டர்கள் முதலில் பார்ப்பது, கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எத்தனை நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கிறது என்பதைத்தான். அடுத்து எம்.எம்.ஆர் புரதங்கள். அவற்றில் ஒன்று காணவில்லை என்று ரிப்போர்ட் சொன்னால், சிகிச்சை முறையே மாறலாம். சிலருக்கு அது 'லிஞ்ச் சின்ட்ரோம்' என்ற பரம்பரைக் கோளாறின் அடையாளமாகவும் இருக்கும். அப்படி உறுதியானால் நோயாளியின் அண்ணன், தங்கை, பிள்ளைகளுக்கும் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அதே கோளாறு இருப்பவர்களுக்கு இளம் வயதிலேயே கொலோனோஸ்கோபி ஆரம்பமாகிவிடும்.