திட்டம் முடிந்த பிறகான மூன்றாவது மழை

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டு 2025 ஜூலையில் மூடப்பட்டதிலிருந்து, எவ்வளவு பணம் நின்றுபோனது என்பதே வளர்ச்சி உதவித் துறையின் பேச்சாக இருக்கிறது. வந்த பணம் என்ன செய்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. மல்லாங்கிணறு, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து பார்த்தால் அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. வற்றாத ஆறு இங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் நெல். இல்லையென்றால் மானாவாரிப் பருத்தியும் சோளமும் மல்லியும்தான். தமிழகக் கண்மாய்களுக்கோ நாற்பது ஆண்டுகளாக வெளிநாட்டுப் பணம் வந்திருக்கிறது.

1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு தொடங்கிய திட்டம், 100 முதல் 200 ஹெக்டேர் வரை ஆயக்கட்டுள்ள கண்மாய்களை எடுத்துக்கொண்டது. வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசினால் கசிவு குறையும், மிஞ்சும் தண்ணீரில் கூடுதல் நிலம் பாயும் என்பது கணக்கு. மேலே வரத்துக்கால் தூர்ந்து கிடக்கும்போது மடைக்குக் கீழே பூசுவதால் பெரிய பலன் இல்லை. மேல்கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். 2007-இல் உலக வங்கிக் கடனில் வந்த ஐயாம்வார்ம் திட்டம் 63 உபவடிநிலங்களை அலகாகக் கொண்டதும், 2017-இல் அதன் தொடர்ச்சி 4,778 கண்மாய்களை இலக்காக வைத்ததும் இந்தப் பாடத்தைப் படித்ததன் அடையாளம். அதை மனமாரப் பாராட்ட வேண்டும். படிக்காத பாடம் காலத்தைப் பற்றியது. மடைப் பலகையின் திருகுக்கு மழைக்கு முன் கிரீஸ் போடாவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். அடுத்த வருஷம் யாரோ கடப்பாரையால் நெம்புவார்கள். அதோடு மடை ஒழுகத் தொடங்கும். இதைத் தடுக்கும் செலவு மிகச் சிறியது, ஆனால் ஆண்டுதோறும் வேண்டும். உதவிப் பணமோ பெரிய தொகையாக ஒரே தடவை வந்து, முடிவுத் தேதியோடு நின்றுவிடுகிறது. நிறைவு அறிக்கையில் கரையின் நீளம் இருக்கும். மூன்றாவது மழைக்குக் கடைமடை வயல் பாய்ந்ததா என்பது இருக்காது. ஆகவே கடனில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, பணி முடிந்த ஐந்து ஆண்டுகளில் கடைமடை அளவீட்டின் பேரில் விடுவிக்க வேண்டும். விளைவைப் பார்த்துப் பணம் தரும் கடன்முறை உலக வங்கியிடம் 2012 முதலே இருக்கிறது.

பராமரிப்புக்கு அந்நியக் கடன் வாங்குவது தவறான நிதி நிர்வாகம் என்பார்கள். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் நிறுத்திவைக்கும் அந்தப் பங்கு பராமரிப்புச் செலவுக்கு அல்ல. மாநில அரசு தன் வரவுசெலவில் பராமரிப்பை ஒதுக்கியதற்கான கைமாறு. பாரிஸ் பிரகடனம் 2005-இல் பேசிய உடைமையுணர்வுக்கு இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. கிணறும் மோட்டாரும் வந்தபின் கண்மாய் யாருக்கு வேண்டும் என்ற இரண்டாவது ஆட்சேபம் கனமானது. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் அந்தக் கிணறு ஊறும். ஆனாலும் கிணற்றுக்காரருக்கு மடைமேல் அக்கறை குறைந்துவிட்டது உண்மை. அவரையும் கண்மாய் விவசாயிகளின் சங்கத்துக்குள் இழுக்க வேண்டும், சங்கத்துக்குச் சொந்த வருமானமும் வேண்டும். மதுரை தானம் அறக்கட்டளையின் வயலகங்கள் என்னும் கண்மாய்ச் சங்கங்கள் விவசாயிகளின் பங்களிப்பைத் திரட்டிக் காட்டியிருக்கின்றன. மீன் குத்தகையிலும், கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேல ஏலத்திலும் சங்கத்துக்கு எத்தனை பங்கு என்பதை, முதல் தவணை வருவதற்கு முன்பே கடன் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். கரைக்கு மண் அடித்து முடித்தபின் அதைப் பேச எந்தத் துறைக்கும் அவசரம் இருக்காது.