வரமுடியாத மாணவனிடமிருந்து தொடங்குவோம்



கல்விச் சுற்றுலா என்றாலே நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலும் நீர் விளையாட்டுப் பூங்கா, விலங்குக் காட்சிச்சாலை, திரும்பும் வழியில் ஒரு பேரங்காடி என்று முடிந்துவிடுகிறது. அதில் தவறொன்றும் இல்லை, பிள்ளைகள் மகிழ்கிறார்கள். ஆயினும் நம் நாட்டின் காட்டையும் கடலையும் பாடநூல் படத்தில் மட்டுமே பார்த்து ஆரம்பப் பள்ளியை முடித்துச் செல்லும் மாணவர்களை எண்ணி நான் வருந்தியதுண்டு. எனவே, சென்ற ஆண்டு என் ஐந்தாம் ஆண்டு வகுப்பின் 24 மாணவர்களைச் சரவாக்கின் பாக்கோ தேசியப் பூங்காவிற்கு அழைத்துச் செல்வதென முடிவெடுத்தேன். அம்முடிவு எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தைத் தங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறேன்.

பாக்கோ, சரவாக்கின் முதல் தேசியப் பூங்கா. 1957ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. பரப்பளவு ஏறக்குறைய 27 சதுர கிலோமீட்டர். கூச்சிங் நகரிலிருந்து தொலைவு அதிகமில்லை என்றாலும், பூங்காவின் தலைமையகத்திற்குச் சாலை கிடையாது. பாக்கோ கிராமத்துப் படகுத்துறையில் படகேறி, ஆற்று முகத்துவாரத்தைக் கடந்து, கடல்வழியே தெலோக் ஆசாம் கரையை அடைய வேண்டும். போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத நீள்மூக்குக் குரங்கு, தாடிப் பன்றி, நாம் பெரியோக் கெரா என்றழைக்கும் பூச்சியுண்ணும் செடி, அலையாத்திக் காடு, கடல் அரித்துச் செதுக்கிய மணற்பாறை என ஓராண்டின் அறிவியல் பாடம் ஒரே கரையில் விரிந்து கிடக்கிறது.

பயணத் திட்டத்தை மாணவர்களிடமே ஒப்படைத்தேன். ஒரு குழு பருவநிலையை ஆராய்ந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். ஆகவே ஆண்டிறுதி விடுமுறை ஏற்றதன்று என்று அறிவித்தது. இன்னொரு குழு ஆபத்துகளைப் பட்டியலிட்டது. அங்குள்ள நீர்நிலைகளில் உப்புநீர் முதலைகள் உண்டு. கடலில் இறங்கி விளையாடக் கூடாது. நீள்வால் குரங்குகள் உணவுப் பையைப் பறித்துச் செல்லும். மூன்றாவது குழு படகுப் பயணத்தைக் கவனித்தது. அக்குழுவில்தான் அவன் இருந்தான். பெயர் வேண்டாம்.

காலையில் புறப்பட்டு, நண்பகலில் கரையேறி, மாலையில் திரும்பலாம் என்று நான் வரைந்த நேர அட்டவணையைப் பார்த்து அவன் எழுந்தான். "டீச்சர், அந்த நேரத்துல தண்ணி நல்லா வத்தியிருக்கும். படகு கரை வரைக்கும் வராது. நாம எறங்கி நடக்கணும்," என்றான். கடலின் ஏற்ற வற்ற அட்டவணையை இணையத்திலிருந்து எடுத்து, நாளையும் நேரத்தையும் கோடிட்டு வைத்திருந்தான். கணிதத்தில் நாற்பது மதிப்பெண்ணைத் தாண்டாத மாணவன் அவன். அவன் சொன்னதே சரி. நீர் வற்றிய வேளையில் தெலோக் ஆசாமில் படகுகள் சற்றுத் தள்ளியே நிற்கும். பயணிகள் முழங்காலளவு நீரில் நடந்துதான் கரையேற வேண்டும். அட்டவணையை மாற்றினேன். வகுப்பே கைதட்டியது.

மறுவாரம் பெற்றோர் ஒப்புதல் படிவங்கள் திரும்பி வந்தன. "மகன்/மகள் கலந்துகொள்வார்", "கலந்துகொள்ள விருப்பமில்லை" என்று இரண்டே கட்டங்கள். அவனுடைய படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் குறியிடப்பட்டிருந்தது. அவனிடம் கேட்டேன். "எனக்குக் கடல் பிடிக்காது டீச்சர்," என்றான்.

மாலையில் வீட்டிற்குச் சென்றேன். பயணக் கட்டணம் தலைக்கு 500 ரிங்கிட்டைத் தாண்டியிருந்ததால் பணம்தான் தடை என்று எண்ணியிருந்தேன். அவன் தாயார் தலையசைத்து மறுத்தார். "பணத்தைக்கூட எப்படியாவது பொரட்டிடலாம் டீச்சர். சூராட் பெரானாக்தான் பிரச்சனை," என்றார். தந்தை இந்நாட்டுக் குடிமகன். தாயார் குடியுரிமை இல்லாதவர். கோயிலில் நடந்த அவர்களது திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்படவில்லை. அதனால் பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைச் சார்ந்துவிட்டது. இந்த மண்ணில் பிறந்தும், பிறப்புப் பத்திரத்தில் அவன் குடிமகன் அல்லன்.

சரவாக் தன் குடிநுழைவு அதிகாரத்தைத் தானே வைத்திருக்கும் மாநிலம். தீபகற்பத்திலிருந்து செல்லும் மலேசியர்களும் அங்குக் குடிநுழைவுச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும். பெரியவர்களுக்கு மைக்காட் அல்லது கடப்பிதழ், சிறுவர்களுக்குப் பிறப்புப் பத்திரம். இதனை நான் தெரிந்தே வைத்திருந்தேன்; படிவத்தின் அடியில் ஒரு வரியாக அச்சிட்டும் இருந்தேன். அந்த ஒரு வரி ஒரு பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடும் என்று மட்டும் சிந்திக்கவில்லை. வானிலையை ஆராய்ந்தேன், முதலையை ஆராய்ந்தேன், என் வகுப்பை ஆராயவில்லை. பின்னர் விசாரித்ததில், "விருப்பமில்லை" என்று குறியிட்ட மேலும் இருவருக்குப் பணமே காரணம் என்பதும் தெரியவந்தது. ஆக மூவர். மூவருக்கும் விருப்பம் இருந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், ஆவணச் சிக்கல் யாருடையது என்பதைச் சொல்லாமல், இடத்தை மாற்ற விரும்புவதாகத் தெரிவித்தேன். ஒரு தந்தை எழுந்து, "ஒருசிலருக்காக இருபது பேருடைய வாய்ப்பைக் கெடுக்கலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் மகள் நீள்மூக்குக் குரங்கைப் பற்றி நான்கு பக்கம் எழுதியவள். அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: பாக்கோவிற்குக் குடும்பத்தோடு செல்லும் வழி உங்களுக்குத் திறந்தே இருக்கிறது, பிள்ளைகள் தயாரித்த திட்டத்தையும் தருகிறேன். ஆனால், பள்ளியின் பெயரால் புறப்படும் பயணம் வகுப்பின் பயணம். அதில் ஒரு நாற்காலி முன்கூட்டியே காலியாக இருக்குமென்று தெரிந்த பிறகு, அதே வகுப்பில் நின்று நான் நன்னெறிக் கல்வி போதிக்க இயலாது. அவர் முழு மனத்தோடு ஏற்றார் என்று சொல்லமாட்டேன். ஆனால், எதிர்க்கவில்லை.

எங்கள் பள்ளி கெடாவின் தென்பகுதியில் உள்ளது. பேருந்திலேயே சென்று திரும்பக்கூடிய பினாங்கு தேசியப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தோம். தெலோக் பஹாங்கில் அமைந்துள்ள இப்பூங்கா 2003ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அளவில் சிறியது, ஆயினும் உள்ளே இருக்கும் கடற்கரைகளுக்கு இங்கும் சாலை கிடையாது. காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். அல்லது படகேற வேண்டும். பிள்ளைகள் கற்ற திட்டமிடல் எதுவும் வீணாகவில்லை. பாதை திறந்துள்ளதா என்று பூங்கா அலுவலகத்தில் கேட்டறிவது, அலையின் நிலையைப் பார்த்துப் படகு நேரத்தை முடிவுசெய்வது, ஆளுக்கு எத்தனை புட்டி நீர் என்று கணக்கிடுவது என அனைத்தையும் மீண்டும் செய்தார்கள்.

பந்தாய் கெராச்சுட் கரைக்கு நடந்தே சென்றோம். நன்னீரும் கடல்நீரும் முழுமையாகக் கலவாமல் மேலும் கீழுமாக அடுக்கி நிற்கும் ஏரி அங்கு உண்டு. வறட்சிக் காலத்தில் அது வற்றிவிடும். நாங்கள் சென்றபோது நீர் இருந்தது. கடலாமைப் பாதுகாப்பு நிலையத்தையும் பார்த்தோம். படகில் திரும்பும் நேரத்தை அவனே அறிவித்தான். 24 பேரும் இருந்தார்கள். கடல் பிடிக்காது என்றவன் படகின் முன்வரிசையில் அமர்ந்திருந்தான்.

ஆசிரிய நண்பர்களே, என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன். இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு மாணவர்களைக் கணக்கெடுக்காதீர்கள். மாணவர்களை அறிந்த பிறகு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒப்புதல் படிவத்தில், "கலந்துகொள்ள விருப்பம், ஆயினும் தடை உள்ளது, ஆசிரியரிடம் தனியே பேச வேண்டும்" என்று மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேருங்கள். கட்டணம் கட்டியவர், கட்டாதவர் பட்டியலை வகுப்பறைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

பெற்றோர்களே, தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருமணத்தைக் கோயிலோடு நிறுத்திவிடாமல் சட்டப்படி பதிவு செய்யுங்கள். பிள்ளையின் பத்திரத்தில் சிக்கல் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். குடியுரிமை விண்ணப்பத்திற்கு வயது வரம்பு உண்டு. ஆண்டுகள் காத்திருக்கவும் நேரிடும். "பெரியவனானதும் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளையின் கணக்கிலிருந்துதான் கழிகிறது. இன்று ஒரு சுற்றுலா. நாளை மேற்கல்வி, வேலை, வங்கிக் கணக்கு.

அவனுடைய விண்ணப்பம் இப்போது அனுப்பப்பட்டுள்ளது. விடை இன்னும் வரவில்லை. பாக்கோவிற்காக அவன் கோடிட்டு வைத்த அந்த ஏற்ற வற்ற அட்டவணை என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. தேதிகள் கடந்துவிட்டன; கணக்கிடும் முறை அவனுக்கு மறந்துவிடாது. அந்தக் கரையில் அவன் ஒருநாள் தன் சொந்தக் கடப்பிதழோடு இறங்க வேண்டும் என்பதே என் விருப்பம்.